இரண்டு விநாடி அம்மா

அம்மாவின் எண்பதாவது பிறந்தநாளுக்கு என்ன கொடுக்கலாம்? ‘புடவை வேண்டாம், பீரோவுல இடமில்லை’ என்று முன்கூட்டியே சொல்லிவிட்டாள். அவள் முகத்தைப் புள்ளிகளாலேயே கம்ப்யூட்டரில் வரைந்து, பிரின்ட் போட்டுக் கொடுப்பது என்று முடிவு செய்தேன்.

இது ஜார்ஜ் சூரா என்ற பிரெஞ்சு ஓவியரின் வித்தை. சிவப்பையும் மஞ்சளையும் தட்டில் குழைத்து ஆரஞ்சு ஆக்காமல், பக்கத்துப் பக்கத்தில் புள்ளிகளாக வைத்துவிடுவார். தள்ளி நின்று பார்த்தால், கலக்குகிற வேலையை உங்கள் கண்ணே பார்த்துக்கொள்ளும். பாரிஸ் அருகே ஒரு தீவில் ஞாயிற்றுக்கிழமை பொழுதுபோக்க வந்த ஜனங்களை இப்படி வரைந்தார். சுமார் 2 மீட்டர் உயரம், 3 மீட்டர் அகலம். 1884-ல் ஆரம்பித்து 1886-ல்தான் முடித்தார். 31 வயதிலேயே இறந்துபோன மனிதர், ஒரே படத்துக்கு இரண்டு வருடம் கொடுத்திருக்கிறார்!

நான் ஃபோட்டோஷாப்பைத் திறந்தேன். பக்கத்தில் நின்ற என் மகன், “அப்பா, இதுக்குத்தான் ஃபில்டர் இருக்கே” என்று ‘பாயின்டிலைஸ்’ஸை அழுத்தினான். இரண்டே விநாடி. அம்மா புள்ளி புள்ளியாகத் தெரிந்தாள். நன்றாகவே இருந்தது.

“அவ்வளவுதான். நீ எதுக்குக் கஷ்டப்படணும்?”

நியாயமான கேள்வி. நீங்களே சொல்லுங்கள்... பார்க்கிறவருக்கு வித்தியாசம் தெரியாது என்றால், பட்ட கஷ்டத்துக்கு என்ன மதிப்பு? கஷ்டப்பட்டதாலேயே ஒன்று உசத்தியாகிவிடாது. அம்மியில் அரைத்த சட்னியிலும் உப்பு கூடலாம்!

ஆனாலும், பிடிவாதமாகக் கையால் ஆரம்பித்தேன். கீழ் லேயரில் ஃபோட்டோ, மேலே சின்ன பிரஷ். தினம் ராத்திரி ஒரு மணி நேரம். நெற்றிக்கு ஆரஞ்சு, நிழலுக்கு நீலம். நீலம் கொஞ்சம் கூடிப்போனால் அம்மா ஜுரத்தில் கிடந்தவள் மாதிரி ஆகிவிடுவாள். அழித்துவிட்டு மறுபடி முதலிலிருந்து.

நாலாவது நாள் மூக்குக்கு வந்தேன். ஃபோட்டோவுக்காகக் கண்ணாடியைக் கழற்றியிருந்தாள். அது அழுத்திய தடம் மட்டும் இரண்டு பக்கமும் இருந்தது. இடது பக்கத் தடம் ரொம்ப ஆழம். ஏன்?

காலையில் போய்ப் பார்த்தேன். கண்ணாடியின் ஒரு காது உடைந்து, நூல் சுற்றியிருந்தது. மொத்தமும் ஒரு பக்கமாகச் சாய்ந்து உட்கார்ந்திருந்தது.

“எத்தனை நாளாம்மா இப்படி?”

“அது ஆச்சு ரெண்டு வருஷம். உனக்கு ஆபீஸ்லயே ஆயிரம் வேலை...”

ஒரே வீட்டில்தான் இருக்கிறோம். தினமும் அந்த முகத்தைப் பார்த்துத்தான் காபி வாங்கிக் குடிக்கிறேன்.

அந்த ஃபில்டர் புள்ளிகளைக் குத்துமதிப்பாக இறைக்கும். அதற்கு அம்மாவின் மூக்கும் ஒன்றுதான், பின்னால் இருக்கிற சுவரும் ஒன்றுதான். கையால் வைக்கிறவனுக்கு அது முடியாது. ஒவ்வொரு புள்ளிக்கும் முன்னால் ஒரு தடவை அந்த முகத்தைப் பார்த்தாக வேண்டும். பார்ப்பவருக்குத் தெரியாத அந்தக் கஷ்டத்தின் பலன், வரைகிறவனுக்குத்தான் கிடைக்கிறது.

மெஷினைக் குறை சொல்லவில்லை. அது எனக்குப் பல ராத்திரிகளை மிச்சம் பிடித்துக் கொடுத்திருக்கும். அந்த நேரத்தில் நான் அம்மா பக்கத்தில் போய் உட்கார்ந்திருப்பேனா? பதில் எனக்குத் தெரியும். உங்கள் பதிலை நீங்கள் யோசித்துக்கொள்ளுங்கள்.

பிறந்தநாளுக்குள் படம் முடியவில்லை. புதுக் கண்ணாடிதான் கொடுத்தேன்.