அழியும் இனமும் அறக்கடப்பாடும்

களுத்துறை மாவட்டத்தின் புளத்சிங்களப் பகுதியில் வத்துரான என்னும் நன்னீர்ச் சதுப்புக் காடொன்று உள்ளது. அதன் பரப்பு ஏறத்தாழ 12 ஹெக்டேயர் மாத்திரமே. சிங்களத்தில் ‘ஹொர வெல்’ எனப்படும் ஸ்டெமனோபோரஸ் மூனியை என்ற அருந்தாவரத்தின் இருப்பிடமாகத் தாவரவியலாளர் சுட்டுவது இச்சதுப்பையே. ஸ்டெமனோபோரஸ் சாதி முழுவதும் இலங்கைக்கே உரியது. ‘மூனியை’ என்பது, 1824இல் இலங்கைத் தாவரங்களின் பட்டியலை வெளியிட்ட அலெக்சாண்டர் மூனின் பெயரால் அமைந்தது.

இத்தகைய தாவரம் காக்கப்படல் வேண்டும் என்பதை மறுப்போர் அரியர். ‘ஏன்?’ என்று வினவுமிடத்தேதான் கருத்துகள் தடுமாறுகின்றன. நாளை அது ஒரு நோய்க்கு மருந்தாகலாம் என்பதே பெரிதும் கூறப்படும் விடை. இவ்விடை எத்துணை வலிமையற்றது என்பதற்கு மலேசியாவின் சரவாக் மாநிலத்து நிகழ்ச்சியொன்று சான்று. அங்குள்ள சதுப்புக் காட்டு மரமொன்றிலிருந்து 1987இல் பெறப்பட்ட மாதிரியில், எயிட்ஸ் நோய்க் கிருமியை எதிர்க்கும் பொருளொன்று பின்னர் கண்டறியப்பட்டது. ஆய்வாளர் மீண்டும் சென்றபோது அந்த மரம் வெட்டப்பட்டிருந்தது. இதுவரை கூறியது பயன்வாதியின் கட்சிக்கு அரண் செய்வதே. ஆயின் 1990களில் அப்பொருள் ஆய்வுகூடத்திலேயே தொகுத்து ஆக்கப்பட்டது. பயன் ஒன்றே காரணமாயின், அக்கணத்தோடு மரத்தைக் காக்கும் கடமையும் தீர்ந்துவிட்டதெனல் வேண்டும். எவரும் அவ்வாறு கூற முன்வரார். எனவே கடமையின் வேர் வேறிடத்திலுள்ளது.

இயற்கையை வீணே அழித்தல் மனிதரின் அறவுணர்வை மழுங்கச் செய்யும் என்பது கான்ற்றின் கருத்து. அவருக்கும் கடப்பாடு மனிதர் மீதானதே. தாவரம் ஒரு சாட்டு மாத்திரம். இதற்கு எதிராக றிச்சட் றூட்லி 1973இல் ஓர் எடுத்துக்காட்டைத் தந்தார். உலகில் எஞ்சிய கடைசி மனிதன் தன் இறப்பின் முன் உயிர்கள் அனைத்தையும் அழிப்பானாயின், பாதிக்கப்பட வேறு மனிதர் இல்லாதபோதும் அது தீதாகாதோ? தீதே என்பார்க்கு, தாவரத்தின் பெறுமானம் மனிதரைச் சாராதது என ஒப்புக்கொள்வதன்றி வேறு வழியில்லை.

முல்லைக்குத் தேரீந்த பாரியை இவ்விடத்து நினைவுகூர்தல் தமிழ்க் கட்டுரையாளர் வழக்கம். ஆனால் பாரியின் இரக்கம் கண்முன் தளர்ந்து நின்ற ஒரு கொடிக்கானது. ஓர் இனம் அழிவதைக் கண் காண்பதில்லை. தனித்த கொடியை நோக்கிப் பிறக்கும் இரக்கம் அதற்குப் போதாது. இதற்குத் துணைசெய்வது தொல்காப்பியத்தின் கருப்பொருட் கோட்பாடே. அங்கு மரமும் புள்ளும் நீரும் தனித்தனிப் பண்டங்கள் அல்ல. ஒரு நிலத்தோடு பிணைந்தவை.

இப்பிணைப்பை மறந்தோரே, ‘சில கன்றுகளைப் பூங்காவில் நட்டால் போதாதா?’ என்கின்றனர். டிப்டெரோகார்ப் குடும்பத்து விதைகள் பொதுவாக உலர்த்தினால் உயிரிழப்பவை. நெல்லைப் போல் களஞ்சியப்படுத்தி வைக்க இயலாதவை. கன்று பிழைத்தாலும், அதனைச் சூழ்ந்த நீரும் சேறும், மகரந்தம் சுமக்கும் பூச்சியும், உடன்வளரும் மரங்களும் பூங்காவுக்குப் பெயரா. பூங்கா மருத்துவமனை போன்றது. அங்கு உயிர் காக்கப்படலாம். ஆயின் அதனை வீடு என்பார் யாருமிலர்.

இங்கு கடினமான வினாவொன்று எழுகின்றது. சதுப்பு வேலிக்குள் அடங்குவதன்று. மேட்டு நிலத்தில் வெட்டப்படும் ஒரு வடிகால் அதன் நீர்மட்டத்தைத் தாழ்த்திவிடும். ஆகவே காப்பு என்பது அயலிலுள்ள சிறு விவசாயியின் வயலுக்கும் றப்பர்க் காணிக்கும் நீளுதல் தவிர்க்கவியலாது. நகரத்தார் போற்றும் ஓர் அரிய இனத்தின் விலையை, அதன் பெயரைக்கூடக் கேட்டிராத ஏழை செலுத்துவது நீதியாகாது. கடப்பாடு அனைவர்க்கும் உரியதாயின் செலவும் அவ்வாறே பகிரப்படல் வேண்டும். வடிகாலை வெட்டாது விடுபவனுக்கு அவன் இழந்த விளைச்சலின் பெறுமதி பொதுப் பணத்திலிருந்து கொடுபடுதல் வேண்டும்.