சீற்றுத் துணி

முதற் சம்பளம் எடுத்த கிழமை மகள் எனக்கு ஒரு குஷன் வாங்கி வந்தாள். சுற்றியிருந்த கடதாசியைக் கழற்றியதுமே மனைவியின் முகம் சுருங்கிவிட்டது.

"இது ரெயின் சீற்றுத் துணியெல்லோ? ஆர் ஆர் இருந்ததோ, அதைக் கொண்டுவந்து செற்றியிலை வைக்கப் போறியோ?"

"புதுசம்மா. மியூசியம் கடையிலை வாங்கினது."

கொவன்ற் கார்டனில் உள்ள லண்டன் போக்குவரத்து நூதனசாலைக் கடையைத்தான் சொன்னாள். ஒருமுறை என்னையும் கூட்டிக்கொண்டு போயிருக்கிறாள். ரயில் வரைபடம் அச்சடித்த துவாய், வட்டத்துக்குக் குறுக்கே பட்டை போட்ட அந்தச் சின்னம் பதித்த கோப்பை, பழைய சுவரொட்டிகள், சிவப்பு பஸ்கள். பக்கத்துத் தெருவிலுள்ள சாதாரண கடைகளில் தொலைபேசிக் கூட்டின் வடிவில் உண்டியலும் கிடைக்கும். அந்தக் கூட்டை ஜைல்ஸ் கில்பெர்ட் ஸ்கொட் என்ற கட்டடக் கலைஞர் 1924ல் வரைந்தார். இன்று அதிகம் காண்பது 1935ல் அவர் வரைந்த சிறிய வடிவம். நான் லண்டன் வந்த புதிதில் யாழ்ப்பாணத்துக்கு எடுக்க லைன் இல்லை. அப்படி ஒரு கூட்டுக்குள் நின்றுதான் வெள்ளவத்தையில் இருந்த மச்சானுக்கு எடுத்து, அம்மா உயிரோடு இருக்கிறாவா என்று விசாரிப்பேன். மூக்கைப் பொத்திக்கொண்டு பேச வேண்டும். இரவில் குடித்துவிட்டுப் போகிறவர்களுக்கு அது வேறொரு தேவைக்குப் பயன்பட்டது. உண்டியலில் அந்த மணம் இல்லை. இருந்தால் யார் வாங்குவார்கள்!

குறை சொல்லவில்லை. அந்தக் கடையில் எனக்குப் பிடித்த பொருளும் ஒன்று உண்டு. ஹரி பெக் என்ற படவரைஞர் 1931ல் கீறிய ரயில் வரைபடம் அது. மின்சுற்றைக் கீறுவதுபோல் எல்லாப் பாதைகளையும் நேர்கோடாக்கி, தூரத்தைப் பற்றிக் கவலைப்படாமல் வரைந்தார். முதலில் வேண்டாமென்று திருப்பிவிட்டார்கள். 1933 ஜனவரியில் சட்டைப்பைக்குள் அடங்கும் அட்டையாக வெளியிட்டதும் சனம் அள்ளிக்கொண்டு போனது. எனக்கு இங்கிலீசு ஓடாத நாட்களில் சித்தப்பா வழி சொல்லித் தந்தது அந்தக் கோடுகளின் நிறத்தை வைத்துத்தான். "ஈஸ்ட்ஹாமிலை பச்சையிலை ஏறு, மைல் எண்ட்டிலை இறங்கு, முன்னுக்கு வந்து நிக்கிற சிவப்பிலை ஏறு." ஒரே மேடையில் இந்தப் பக்கம் இறங்கி அந்தப் பக்கம் ஏறலாம், படி ஏறத் தேவையில்லை. ஹோபனில் இறங்கி அலுவலகங்களைக் கூட்டித் துடைத்துவிட்டுக் கடைசி ரயிலில் திரும்புவேன். இருபது வருடத்துக்கு மேல் அதுதான் என் பாதை.

இனி குஷனுக்கு வருவோம். அந்தத் துணிக்கு மொக்கெற் என்று பெயர். கம்பளியும் கொஞ்சம் நைலோனும் கலந்து, நூல் குத்திட்டு நிற்கும்படி யோர்க்‌ஷயர் ஆலைகளில் நெய்வது. 1930களில் எனிட் மார்க்ஸ், போல் நாஷ் போன்ற கலைஞர்களைக் கூப்பிட்டு அதற்குக் கோலம் வரைவித்தார்கள். கலைஞர் விருப்பத்துக்கு வரைந்துவிட முடியாது. ஊத்தை தெரியக்கூடாது, ஓடுகிற வண்டியின் ஒளியில் கண்ணைக் கூசக்கூடாது. சுண்ணாம்புக் கையோடு வருகிற மேசனும் கழுவிய நிலத்தின் ஈரம் காற்சட்டையில் ஊறிய நானும் எழும்பிப் போன பிறகு, யாருமே இருக்காத மாதிரி அது கிடக்க வேண்டும்.

மகள் குஷனை மடியில் வைத்து விரலால் காட்டினாள். "இது சென்ற் போல்ஸ் கூரை. இது ரவர் பிரிட்ஜ். இது பிக் பென். இஞ்சை பாருங்கோ, லண்டன் ஐ. நீங்கள் காணேல்லையோ?"

காணவில்லை. 2010ல் வந்த கோலமாம் அது. பிறகு சென்ரல் லைனிலும் போட்டார்கள். அப்படியானால் அந்த நாலின் மேலும் நான் வருடக் கணக்காக இருந்திருக்கிறேன். இதற்கு முதல் இருந்த துணியில் என்ன கோலம்? கண்ணை மூடி யோசித்தேன். முழங்கால் நோவு ஞாபகம் இருந்தது. தலை சாய்ந்து கண்ணாடியில் முட்டுகிற இடம் ஞாபகம் இருந்தது. துணியின் நிறம்கூட வரவில்லை.

மகளுக்கு அப்படியில்லை. பதினெட்டு வயதில் கல்லூரிக்குப் போன ரயில் அது; சிநேகிதிகளோடு சிரித்த சீற். அப்பாவுக்கும் அது அப்படித்தான் இருந்திருக்கும் என்று நினைத்திருக்கிறாள். தன் ஞாபகத்தை எடுத்து எனக்குப் பரிசாகத் தந்துவிட்டாள் பிள்ளை.

பழசு என்று ஒன்றை ரசிக்க, அது இருந்த இடத்திலேயே கிடந்து பழசாக வேண்டும். நாமும் பக்கத்தில் இருக்க வேண்டும். 1995 ஒக்ரோபரில் யாழ்ப்பாணத்தை விட்டுச் சனத்தோடு சனமாக வெளிக்கிட்டபோது அம்மாவின் தையல் மெசின் விறாந்தையில் நின்றது. திரும்பிப் போனபோது விறாந்தையே இல்லை. அதைப் போல ஒன்றைச் சின்னதாகச் செய்து விற்கிறார்கள் என்றால், நானும் விலை கேட்பேனோ என்னவோ.

ஆனால் ஒன்று. இந்த ஊர்க்காரருக்கும் அந்தக் கடைகள் எல்லாவற்றையும் ஞாபகப்படுத்துவதில்லை. பின்பக்கம் திறந்த ரூட்மாஸ்ரர் பஸ் 1956ல் ஓடத் தொடங்கியது. வேலைக்கு ஆள் போதாமல் லண்டன் போக்குவரத்துக்காரர் பார்படோஸ் தீவுக்கே போய் ஆள் எடுக்கத் தொடங்கியதும் அதே 1956ல்தான். அப்படி வந்தவர்கள் கண்டக்ரர்களாக ரிக்கற் கிழித்தார்கள். வழமையான சேவையில் அந்த வகை பஸ் கடைசியாக ஓடியது 2005 டிசம்பரில், 159ஆம் இலக்கப் பாதையில். எங்கள் குளிர்சாதனப் பெட்டிக் கதவில் ஒட்டியிருக்கும் காந்த பஸ்ஸில் சில்லு இருக்கிறது, விளம்பரம்கூட இருக்கிறது. பின்தட்டில் ஆள் இல்லை.

இரவு சாப்பாட்டுக்குப் பிறகு மகளிடம் கேட்டேன், நான் வேலை தொடங்கிய 1997ல் சென்ரல் லைனில் என்ன துணி இருந்தது என்று தேடிப் பார்க்கச் சொல்லி. போனில் ஒரு படம் எடுத்து நீட்டினாள். வெறும் ரயில் பெட்டி, வரிசையாகச் சீற்றுகள். பெரிதாக்கிப் பார்த்தேன். முன்பின் காணாத துணி.

கோப்பை கழுவிக்கொண்டிருந்த மனைவி கையைத் துடைத்துக்கொண்டு வந்து எட்டிப் பார்த்தாள்.

"ஓ, இதுதான்! கிளினிக்குக்குக் கொண்டு போகேக்கை இதிலைதான் நீ சத்தி எடுத்தனி. எட்டு மாசம் உனக்கு. எல்லாரும் பாத்துக்கொண்டிருக்கினம், எனக்கு வெக்கம். ரிஷுவாலை துடைச்சுப்போட்டுப் பாத்தன், ஒண்டுமே தெரியேல்லை."