‘பொறுமையாயிரு’ என்றால் போதுமா?

 

கொரோனாக் காலத்தின் அடைப்பு நீங்கி, மஸ்ஜித் இந்தியா வீதியிலும், பிரிக்பீல்ட்ஸிலும், கிள்ளான் தெங்கு கிலானா சாலையிலும் வியாபாரம் பழையபடி நடக்கிறது. அந்த இரண்டு வருஷங்களில் கடைக்கு வந்த நஷ்டத்தைக் காசு பிசகாமல் கணக்கெழுதி வைத்திருக்கிறோம். சர்வகலாசாலையில் படித்துக்கொண்டிருந்த நம் பிள்ளைகளின் உள்ளத்துக்கு வந்த நஷ்டத்தை எந்தப் பேரேட்டில் எழுதினோம்?

நடந்ததைச் சற்று நினைத்துப் பார்ப்போம். 2020 மார்ச் 18-ல் நடமாட்டக் கட்டுப்பாடு அமுலுக்கு வந்தது. சர்வகலாசாலைகள் மூடப்பட்டன. விடுதிகளில் அகப்பட்டுக்கொண்ட மாணவர்களை ஊருக்கு அனுப்பும் ஏற்பாடு ஏப்ரல் கடைசியில்தான் தொடங்கியது. அதுவரை ஓர் அறையும் ஒரு ஜன்னலுமே அவர்களுக்கு உலகமாயிருந்தன. வீட்டுக்கு வந்தவர்களுக்கும் நிம்மதியில்லை. முன்னறையில் அத்தா கடை வாடகையை எண்ணித் தலையில் கை வைத்திருப்பார்; உள்ளறையில் பிள்ளை கைப்பேசியில் பாடம் கேட்பான். ஏப்ரல் 7-ல் மஸ்ஜித் இந்தியாவின் சிலாங்கூர் மென்ஷனும் மலாயன் மென்ஷனும் முள்வேலியிட்டு அடைக்கப்பட்டதை நாம் மறந்திருக்க முடியாது. 2021-லும் ஜனவரியில் ஓர் அடைப்பு, ஜூனில் முழு அடைப்பு.

2020 ஜூனில் சபாவின் ஒரு மாணவி, பரீட்சை எழுத இணையத் தொடர்பு கிடைக்காமல் மரத்தின்மேல் ஏறி ஓர் இரவு தங்கினார். நாடே அதைப் பார்த்தது. ஆனால் மூடிய கதவுக்குள் உறங்காமல் கிடந்த பிள்ளையை யார் பார்த்தார்கள்?

தம் உயிரைத் தாமே போக்கிக்கொண்டவர்கள் இந்நாட்டில் 2019-ல் 609 பேர், 2020-ல் 631 பேர், 2021-ல் 1,142 பேர் என்பது போலீஸ் கணக்கு. இவர்கள் எல்லாரும் மாணவர்களல்லர். ஒவ்வொருவருடைய காரணமும் நாமறியோம். ஆயினும் இந்தக் கணக்கைப் படித்துவிட்டு உறங்கக்கூடிய தகப்பன் எவரும் இருக்க முடியாது.

“அத்தா, மனசு சரியில்லை, தூக்கம் வரவில்லை” என்று பிள்ளை சொன்னால் நாம் என்ன சொல்கிறோம்? “தொழு, ஓது, பொறுமையாயிரு. ஈமான் உள்ளவனுக்கு இப்படியெல்லாம் தோன்றாது” என்கிறோம். தொழுவதும் ஓதுவதும் நமக்கு உயிர்; அதில் பேச்சில்லை. ஆனால் அந்தக் கடைசி வார்த்தை உண்மைதானா?

யூசுபைப் பிரிந்த யஃகூப் நபி (அலை) அவர்கள் அழுதழுது கண்பார்வை இழந்தார்கள். கதீஜா நாயகியும் (ரலி) அபூதாலிபும் மறைந்த வருஷத்தைத் துக்க வருஷம் என்றே வரலாறு அழைக்கிறது. மகன் இப்ராஹீம் மறைந்தபோது நபிகள் நாயகம் (ஸல்) அவர்களின் கண்கள் நீர் சிந்தின. அவர்களைவிட ஈமானில் உயர்ந்தவர் யார்? துக்கமே தோன்றாமலிருப்பது பொறுமையன்று. துக்கத்தின் நடுவிலும் அல்லாஹ்வை விடாதிருப்பதே பொறுமை.

சிகிச்சை தேடுவது தக்தீருக்கு விரோதமென்று எண்ணுவோரும் உண்டு. ஷாம் தேசத்தில் கொள்ளைநோய் பரவிய சமயம், கலீபா உமர் (ரலி) அவர்கள் ஸர்க் என்னுமிடத்திலிருந்து திரும்பினார்கள். அல்லாஹ்வின் விதியிலிருந்து ஓடுகிறீர்களா என்று அபூ உபைதா (ரலி) கேட்டதற்கு, அல்லாஹ்வின் ஒரு விதியிலிருந்து அவனுடைய மற்றொரு விதிக்கே செல்வதாகப் பதில் கூறினார்கள். இதே நியாயத்தில்தான் 2020-ல் ஜும்ஆத் தொழுகையையும் நிறுத்திவைத்தோம். உடலைக் காக்க ஏற்ற நியாயம் உள்ளத்தைக் காக்க மட்டும் ஆகாதா? கி.பி. 934-ல் காலமான அபூ ஸைத் அல்-பல்கீ, உடலின் நலத்தையும் உள்ளத்தின் நலத்தையும் ஒரே நூலில் இரு பகுதிகளாக எழுதினார். மனத்துக்கு வைத்தியமென்பது மேல்நாட்டுச் சரக்கன்று.

“நாங்கள் ரஜூலா கப்பலில் வந்து, கடை மாடியில் பாய் விரித்துப் படுத்து முன்னேறினோம். எங்களுக்கு வராத மனநோய் இவர்களுக்கு ஏன்?” என்று பெரியவர்கள் கேட்பதுண்டு. மரியாதையுடன் ஒன்று சொல்வேன். அந்த மாடியில் பத்துப் பேர் படுத்திருந்தார்கள். ஒருவன் விம்மினால் பக்கத்துப் பாயில் படுத்திருந்தவன் எழுந்து, “என்னடா தம்பி, ஊர் நினைப்பா?” என்று கேட்டான். வறுமை இருந்தது, தனிமை இல்லை. அடைப்புக் காலத்து மாணவனுக்குச் சோறு கதவு வரை வந்தது. கேட்க ஆள் வரவில்லை.

வேறொரு தடையும் உண்டு, அதுதான் மானம். நீரிழிவு மாத்திரையைக் கல்லாவின்மேல் வைத்து எல்லாரும் காண விழுங்குகிறோம். மன வைத்தியரிடம் போவதென்றால் மட்டும், ஊர் என்ன சொல்லும், நாளைக்குச் சம்பந்தம் பேச யார் வருவார் என்று அஞ்சுகிறோம். தற்கொலைக்கு முயன்று பிழைத்தவரைத் தண்டிக்கும் 309-ஆம் பிரிவு இந்நாட்டுச் சட்டத்திலும் இருந்தது. ஓராண்டு வரை சிறை விதிக்கலாம். 2023-ல் பாராளுமன்றமே அதை நீக்கிவிட்டது. உயிரைப் போக்கிக்கொள்வது மார்க்கத்தில் ஹராம் என்பதில் மாற்றமில்லை. ஆனால் அந்த விளிம்பில் நிற்பவனைப் பிடித்து நிறுத்துவது நம் கடமையல்லவா? அரசாங்கம் நீக்கிய தண்டனையை நம் வீட்டில் வைத்திருக்கலாமா?

சகோதரர்களே! பொறுமை என்பது நாம் நம்மிடமே வசூலிக்கவேண்டிய கடன். பிறர் பெயரில் எழுதும் பற்று அன்று. பிள்ளை வாய்திறந்தால் நாம்தான் முதலில் பொறுமையாயிருந்து முழுவதும் கேட்கவேண்டும். இஷாவுக்குப் பின் கைப்பேசியை ஒதுக்கிவைத்துப் பக்கத்தில் உட்காருங்கள். பல நாள் உறக்கமும் பசியும் கெட்டிருந்தால் அரசாங்கக் கிளினிக்குக்கு அழைத்துப் போங்கள். வாழப் பிடிக்கவில்லை என்று சொன்னால் தனியே விடாதீர்கள். அன்றிரவே ஆஸ்பத்திரிக்குப் போங்கள். கோலாலம்பூரில் பிஃப்ரெண்டர்ஸ் சங்கத்தார் 03-7627 2929 என்ற எண்ணில் இரவும் பகலும் செவிகொடுக்கிறார்கள். அரசாங்கத்தின் 15555 என்ற எண்ணும் இருக்கிறது.

ஒரு ஜனாஸா என்றால் ஜமாஅத்தே திரளுகிறது. அது நல்ல வழக்கம். உயிரோடிருந்து தவிக்கும் பிள்ளைக்கு ஊர் திரள வேண்டியதில்லை. ஒருவர் அரை மணி நேரம் பக்கத்தில் அமர்ந்தால் போதும்.

பிள்ளைகள் அல்லாஹ் நம்மிடம் ஒப்படைத்த அமானிதம். அந்தக் கணக்கை அவனிடம் பிசகின்றி ஒப்புவிக்க அவனே அருள்புரிவானாக! ஆமீன்.