விதைக்காத இடம்

வானம்பாடியை நம்மில் பலரும் கல்லூரியில்தான் முதலில் சந்தித்தோம். அதாவது, ஷெல்லி 1820-ல் இத்தாலியில் இருந்தபோது எழுதிய கவிதையில். பி.ஏ. வகுப்பில் அதைப் படித்த எனக்கு, அந்தப் பறவை தரையில் இறங்கும் என்பதே வெகுநாள் தோன்றவில்லை. 1971-ல் கோவையில் ஒரு கவிதை இயக்கம் தன் ஏட்டுக்கு அந்தப் பெயரை வைத்தபோதும், பெயரிலுள்ள வானமும் பாட்டும்தான் அவர்களுக்கு வேண்டியிருந்தன என்று நினைக்கிறேன்.

உண்மையில் அது தரைப் பறவை. ஷெல்லி பாடிய ஐரோப்பிய வானம்பாடி மண்நிறம் கொண்டது. திறந்த வயலில் நடந்தபடியே விதையும் பூச்சியும் பொறுக்கும். மண்ணில் சிறு பள்ளம்தான் கூடு. குஞ்சுகள் பறக்கக் கற்குமுன்பே, பத்து நாளுக்குள், அதைவிட்டு நடந்து வெளியேறிவிடும். ஆண் பறவை ஐம்பது நூறு மீட்டர் உயரே போய்ச் சில நிமிஷங்கள் விடாமல் பாடுவது கீழே இருக்கும் நிலத்துக்காக: இது என் எல்லை என்று இன்னொரு ஆணுக்கும், இங்கே வரலாம் என்று பெண்ணுக்கும்.

பத்தொன்பதாம் நூற்றாண்டில் லண்டன் சந்தையில் இதை உணவுக்காக ஏராளமாக விற்றார்கள். அதையும் தாங்கிய பறவை, 1970-களிலிருந்து பிரிட்டனில் பாதிக்கும் மேல் குறைந்துவிட்டது. இம்முறை யாரும் வலை விரிக்கவில்லை. வசந்தத்தில் விதைத்த தானியத்தை முந்தின இலையுதிர்காலத்திலேயே விதைக்க ஆரம்பித்தார்கள். முக்கியமான காரணம் இவ்வளவுதான். குளிர்காலத்தில் அறுத்த தாளோடு கிடக்கும் வயலும் அதில் சிந்திய மணிகளும் அருகிப்போயின. மே, ஜூனில் பயிர் உயர்ந்து அடர்ந்துவிட, இறங்க இடமில்லை. பருவத்துக்கு இரண்டு மூன்று முறை குஞ்சு பொரித்தால்தான் இனம் நிற்கும். பல ஜோடிகள் ஒரு முறையோடு நிறுத்திக்கொண்டன. டிராக்டர் தடத்தை ஒட்டிக் கூடு வைத்தால், நரியும் அந்தத் தடத்திலேயே வருகிறது. விதைக்கிற தேதியை மாற்றியவனிடம் கொடூரம் எதுவும் இல்லை. கொடூரமே இல்லாத அழிவு இது. நம் அறச் சொற்களில் இதற்கு ஒரு பெயர் இல்லை.

இந்த நூற்றாண்டின் தொடக்கத்தில் அங்கே ஒரு வழி கண்டார்கள். விதைக்கும்போது கருவியைச் சில விநாடிகள் தூக்கிப் பிடிப்பது. நாலு மீட்டருக்கு நாலு மீட்டர், ஹெக்டேருக்கு இரண்டு இடங்கள். 10,000 சதுர மீட்டரில் 32. வேறொன்றும் செய்யவேண்டாம். பறவைகள் இறங்கின. இப்படி விடும் விவசாயிக்கு அரசு பணமும் கொடுத்தது.

இங்கேதான் எனக்குச் சங்கடம். பறவையை நேசித்தவன் கவிஞன். அதற்கு இடம் விட்டவன் கூலி வாங்கிக்கொண்டவன். யாருடையது தார்மீகச் செயல்? கடமை உணர்விலிருந்து பிறக்காத செயலுக்கு அற மதிப்பு இல்லை என்பார் கான்ட். அவர் கணக்கில் கூலிக்காரனுக்கும் இடமில்லை, கருணையால் உருகுகிறவனுக்கும் இடமில்லை. ஆனால் குஞ்சு நடந்து போவதற்கு அந்தப் பதினாறு சதுர மீட்டர் போதும். விட்டவன் மனசு அதற்கு வேண்டாம்.

வங்கியில் என் மேஜைக்குப் பயிர்க்கடன் மனுக்கள் வருகின்றன. ஏக்கர், பயிர், தொகை என்று கட்டங்கள். விதைக்காமல் விட்ட இடத்துக்குக் கட்டம் கிடையாது. இருக்கவேண்டும் என்று எனக்கும் தோன்றியதில்லை. மாலையில் வீட்டுக்கு வந்து கவிதையில் படிமம் பற்றி எழுதுகிறவனும் நான்தான்.

எனவே கூலிக்காரனைக் குறைத்துப் பேச எனக்கு அருகதை இல்லை. ஆனால் ஒன்று மிஞ்சுகிறது. பணம் நின்றுபோன வருஷத்தில், யாரும் பார்க்காத வயலின் நடுவில், அந்தக் கருவி தூக்கப்படுமா? நேசம் என்று நாம் இத்தனை காலம் எழுதிவந்தது தேவைப்படுவது அந்தச் சில விநாடிகளுக்குத்தான். அது வானத்திலிருந்து இறங்கி ஒருவன் கை வரைக்கும் வரவேண்டும்.