லெவல் ஏறாத தெய்வங்கள்

'ஷின் மெகாமி டென்செய்' என்ற பழைய ஜப்பானிய கேமை நான் ஆடுவது மச்சானுக்குப் பிடிக்கவில்லை. அந்த வரிசை விளையாட்டுகளில் சிவன், காளி, கணேசர் எல்லாரும் பூதப் பட்டியலில் வருகிறார்கள், அதுதான் கோபம். நான் ஆடுவதை 1992-இல் சூப்பர் ஃபேமிகாம் கன்சோலுக்காக அட்லஸ் நிறுவனம் வெளியிட்டது. 2002-இல் ஏயான் ஜெனசிஸ் என்ற ரசிகர் குழு காசு வாங்காமல் ஆங்கிலப்படுத்தியது. புனேயின் கோத்ரூடில் என் லேப்டாப்பில் ஓடுவது அந்தப் பிரதிதான்.

கதையில் ஸ்டீவன் என்பவர் பூதங்களை அழைக்கும் புரோகிராமைக் கம்ப்யூட்டர் வழியாக அனுப்புகிறார். எதிரே வரும் பூதத்தோடு சண்டை போடலாம், பேரமும் பேசலாம். காசு கேட்கும், கொடுத்தால் சில சமயம் கூட வரும், சில சமயம் வாங்கிக்கொண்டு கம்பி நீட்டிவிடும்.

சாமியைப் பேயோடு சேர்த்தார்கள் என்ற புகார் புனேயில் செல்லாது. எங்கள் பக்கத்து வேதாள் டேக்டிக் குன்றில் காலை நடை போகிறவர்கள் செருப்பைக் கழற்றிவிட்டுக் கும்பிடுவது பேய்களின் தலைவனான வேதாளத்தைத்தான். அந்தக் குன்றுகளில் அலைந்து கல்லாயுதம் பொறுக்கிய வரலாற்றாசிரியர் டி.டி. கோசாம்பி, இங்கே செந்தூரம் பூசி வணங்கும் மஸோபாவை மகிஷாசுரனோடு இணைத்து எழுதினார். துர்க்கை கொன்றவனுக்கே பூசை! நம்மூரில் மட்டும் என்ன, சுடலைமாடனுக்குச் சாராயமும் சுருட்டும் வைத்து, நேர்ந்துகொள்வதாகச் சொல்லிப் பேரம்தானே பேசுகிறோம்?

என்னை உறுத்துவது வேறொன்று. இந்த ஆட்டத்தில் ஆடுகிறவன் லெவல் ஏறுவான்; கூட வந்த தெய்வம் ஏறாது. சேர்ந்த அன்றைய பலம்தான் கடைசிவரை. ஆகவே சீக்கிரமே அது உதவாமல் போகும். உடனே அதையும் இன்னொன்றையும் கலந்து, வலுவான மூன்றாவதைச் செய்துகொள்ளலாம். பழைய இரண்டும் காணாமல் போய்விடும். அந்தப் பொத்தானை அழுத்த என் விரல் தயங்கியதே இல்லை.

சுடலையிடம் பேரம் பேசுகிறவர் காரியம் நடக்காவிட்டால் வாய்விட்டு ஏசுவார். சாமியை மாற்ற மாட்டார். மச்சானும் அப்படித்தான். பதவி உயர்வுக்கு மேல் உயர்வு பெற்று, ஹிஞ்சேவாடியில் மானேஜராகிவிட்டான். ஆனாலும் திருநெல்வேலிப் பக்கத்துச் சுடலைமாடன் கோயில் கொடைக்கு அவன் தலைக்கட்டு வரி இன்றும் தவறாமல் போகிறது. தான் வளர்ந்த அளவுக்கு மாடன் வளரவில்லையே என்று அவனுக்குத் தோன்றியதே கிடையாது.

சிவனைப் பூதமென்றதற்கு அட்லஸ் மன்னிப்புக் கேட்க வேண்டாம். அவருக்கு லெவல் நம்பர் ஒட்டினார்களே, மச்சான் கேஸ் போடுவதானால் அதற்குப் போடட்டும்.