கொடுத்தவர் கருத்து

சிங்கப்பூர் தெலுக் ஆயர் வீதியில், நாகூர் ஷாஹுல் ஹமீது நாயகம் அவர்களின் நினைவாக நம் முன்னோர் 1828 முதல் 1830 வரை எழுப்பிய தர்காவை அன்பர்கள் அறிவார்கள். நாயகம் அவர்கள் அடங்கியிருப்பது நாகூரில், இது நினைவிடமே. அன்று எதிரே கடல். பிறகு அது தூர்க்கப்பட்டது. 1974இல் தேசியச் சின்னமாயிற்று. பழுதடைந்து சில காலம் மூடிக்கிடந்து, 2011இல் இந்திய முஸ்லிம் மரபுடைமை நிலையமாகத் திறக்கப்பட்டது.

சென்ற மாதம் நண்பர் ஒருவருடன் போயிருந்தோம். படியேறியதும் கை தானாகச் செருப்பை நாடியது. ஓத வந்தோமா, பார்க்க வந்தோமா?

“ஓதுவதற்கென்று கட்டியதைக் காட்சிச்சாலையாக்க யாருக்கு உரிமை?” என்றார் நண்பர்.

நியாயமான கேள்விதான். ஊரிலுள்ள தாயாரிடம் சேர்க்கச் சொல்லி ஒருவர் நம் கடையில் பணம் கொடுக்கிறார். தாயார் மௌத்தாகிவிட்டால் நாமாகவே அதைத் தங்கைக்குக் கொடுத்துவிடலாமா? கூடாது. அது அமானத்து, கொடுத்தவரைக் கேட்கவேண்டும். கொடுத்தவரும் இல்லையென்றால் அவர் கருத்து எதுவென்று தேடவேண்டும். கடல் கடந்து பிழைக்க வந்தவர்கள், கடலோடிகள் நேசித்த பெரியாரின் பெயரால் கட்டினார்கள். அவர்கள் வந்த கதையைப் பேரப்பிள்ளைகளுக்குச் சொல்வது அக்கருத்துக்கு மாறானதன்று என்றே நினைக்கிறோம். கடைகளாக்கி வாடகைக்கு விட்டிருந்தால், வியாபாரிகளாகிய நாமும் நண்பர் பக்கமே நின்றிருப்போம்.

நண்பர் ஒப்பவில்லை. தூணோரமாக நின்று மெதுவாகப் பாத்திஹா ஓதினார். நாமும் கையேந்தினோம். அஸருக்கு நேரமாகவே, அதே வீதியிலுள்ள குச்சுப்பள்ளிக்கு நடந்தோம்.