ஒரு தோல்வியை வைத்து ஒரு மனுஷனை நிறுக்கலாமா?



நம்முடைய கடப்புறத்தில் பந்து விளையாடாத பிள்ளை உண்டா? வலை காயப்போடுகிற மணலில்தானே சாயங்காலமானால் ஆட்டம்! சில ஆண்டுகளுக்கு முன் நமக்கடுத்த ஊர் டீம் ஒரு போட்டியில் 6 கோல் வாங்கித் தோற்றது. மறுநாள் டீக்கடையில் ஒரே பேச்சு. "கிழவனுக்க காலம் முடிஞ்சாச்சு, இனி வீட்டுல இருக்கட்டும்" என்றார் ஒருவர். 20 வருஷத்துக்கு மேலாகக் கூலி வாங்காமல் பிள்ளைகளைப் பழக்கின கோச்சைப் பற்றித்தான் அந்தப் பேச்சு. நானும் தலையாட்டினேன்.

அடுத்த நாள் விடியற்காலையில் பார்த்தால், அந்தப் பெரியவர் பத்து சின்னப் பிள்ளைகளோடு மணலில் நிற்கிறார். "என்ன சார், இன்னைக்குமா?" என்றேன். "தோத்ததுக்கு நான்தான் பொறுப்பு. பின்வரிசையை மாத்தாம விட்டது எனக்க தப்பு. அதைத் திருத்தணும்லா" என்றார். எனக்கு வெட்கமாய்ப் போயிற்று.

பிரியமானவர்களே, நம்முடைய தேசத்தில் நடந்த ஒரு காரியத்தைச் சொல்லுகிறேன். ஐதராபாத்தைச் சேர்ந்தவர் சையத் அப்துல் ரகீம். பள்ளிக்கூட ஆசிரியராக இருந்தவர். 1950 முதல் இந்தியக் கால்பந்து அணிக்குக் கோச். 1951-ல் டெல்லியில் நடந்த முதல் ஆசிய விளையாட்டில் நம்மவர்கள் ஈரானை 1-0 என்று ஜெயித்துத் தங்கம் வாங்கினார்கள். ஊரெல்லாம் புகழ்ச்சி! ஆனால் மறு வருஷம், 1952-ல், ஹெல்சின்கி ஒலிம்பிக்கில் என்ன நடந்தது? யூகோஸ்லாவியாவிடம் 10-1 என்று தோல்வி. நம்மவர்களில் அநேகர் வெறுங்காலோடு ஆடினார்கள். ஒரே ஆட்டத்தில் பத்து கோல்!

அன்றைக்கு டீக்கடையில் உட்கார்ந்திருந்தால் நீங்களும் நானும் என்ன சொல்லியிருப்போம்? "இவருக்கு ஒண்ணும் தெரியாது, அனுப்பிவிடுங்கோ" என்றுதானே! ஆனால் அவர் ஓடிப்போகவில்லை. அதற்குப் பின் பூட்ஸ் கட்டாயமாயிற்று. 1956-ல் மெல்போர்ன் ஒலிம்பிக்கில் ஆஸ்திரேலியாவை 4-2 என்று வென்று, அரையிறுதிக்கு வந்த முதல் ஆசிய அணி என்ற பெயரை இந்தியா பெற்றது. முடிவில் நாலாவது இடம்.

1960 ரோமில் மறுபடியும் சறுக்கல். பிரான்சோடு 1-1 சமன். ஹங்கேரியிடமும் பெருவிடமும் தோல்வி. பெருவுக்கு எதிராக நம்முடைய தமிழ்நாட்டு சைமன் சுந்தரராஜ் போட்ட கோல்தான் ஒலிம்பிக் கால்பந்தில் இந்தியா கடைசியாகப் போட்ட கோல்.

1962-ல் ஜகார்த்தா. ரகீமுக்கு நுரையீரலில் புற்றுநோய். முதல் ஆட்டத்திலேயே தென்கொரியாவிடம் 0-2 தோல்வி. அதே கொரியாவை இறுதி ஆட்டத்தில் 2-1 என்று ஜெயித்துத் தங்கம் வாங்கினார்கள். தலையில் காயத்தோடு ஜர்னைல் சிங் ஒரு கோல் போட்டார். காய்ச்சலில் கிடந்து எழும்பின பீட்டர் தங்கராஜ் கோல் காத்தார். 1963 ஜூன் 11-ல் ரகீம் காலமானார்.

இந்த இடத்தில் நாம் அவசரப்பட்டு ஒரு முடிவுக்கு வரக்கூடாது. "பார்த்தீர்களா, பிற்பாடு ஜெயித்தார், ஆகையால் அவர் நல்ல கோச்" என்று சொன்னால், நாம் மனுஷனை நிறுக்கவில்லை, ஜெயத்தைத்தான் நிறுக்கிறோம். பிற்பாடு ஒரு ஜகார்த்தா கிடைக்காதவனுடைய கதி என்ன? அந்தக் கடப்புறத்துப் பெரியவருக்கு எந்தக் கோப்பையும் கிடைக்கவில்லையே!

மோசேயை நினைத்துப் பாருங்கள். நாற்பது வருஷம் ஜனங்களை நடத்தினவர் கானானுக்குள் கால் வைக்கவில்லை. அவருடைய தப்பு மூடி மறைக்கப்படவுமில்லை. அதற்குரிய பலன் கிடைத்தது. ஆனாலும் அந்த ஒரு நாளை வைத்து அவருடைய முழு ஓட்டமும் தள்ளிவிடப்படவில்லை.

வேறு சிலர் இன்னொரு கேள்வி கேட்பார்கள்: "ரகீம் போனபின் இந்தியக் கால்பந்து இறங்கிப்போயிற்றே. 1960-க்குப் பின் ஒலிம்பிக்கில் இடமே இல்லையே. தனக்குப் பின் நிற்கிறதைக் கட்டாதவர் என்ன கட்டினார்?" நியாயமான கேள்விதான். ஆனால் சங்கத்தை நடத்துவதும், பள்ளிக்கூடங்களில் பிள்ளைகளை எழுப்புவதும், மைதானம் உண்டாக்குவதும் ஒரே மனுஷனுடைய வேலையா? செத்துப்போனவர்மேல் உயிரோடிருந்தவர்களின் சோம்பலைச் சுமத்தலாமா? அவர் கையில் வளர்ந்த பி.கே. பானர்ஜி பிற்காலத்தில் தாமே பேர்பெற்ற கோச் ஆனார். அதையும் தராசில் வைக்க வேண்டாமா?

ஆகவே, ஒருவரை நியாயந்தீர்க்க வாய் திறக்குமுன் மூன்று காரியங்களைக் கேளுங்கள்:

1. தப்பு நடந்தபோது அதைத் தன்னுடையது என்று ஒத்துக்கொண்டாரா, பிள்ளைகள்மேல் போட்டாரா?

2. அதைத் திருத்தினாரா, அதே தப்பில் பிடிவாதமாய் நின்றாரா?

3. அவர் கையில் வளர்ந்தவர்கள் இன்று எப்படி இருக்கிறார்கள்?

தப்பைத் தப்பு என்றே சொல்லுங்கள். 10-1 என்பது 10-1 தான். பின்வரிசையை மாற்றாதது குறைதான். அதை மறைப்பது அன்பல்ல. பிள்ளைகளுக்குச் செய்கிற துரோகம். ஒருவேளை வேறொருவர் பொறுப்பேற்க வேண்டிய காலமும் வரலாம். அப்பொழுதும் மரியாதையாய்ச் சொல்லி, கையைப் பிடித்து உட்கார வையுங்கள். ஒரு அலையில் வள்ளம் கவிழ்ந்ததற்காக, ஆயுசெல்லாம் நம்மைக் கரை சேர்த்தவரைக் கடல் தெரியாதவர் என்று சொல்லுவோமா?

ரகீம் மரித்து 61 ஆண்டுகள் கழித்து, 2024-ல், சினிமாக்காரர்கள் அவர் கதையைப் படமாக வெளியிட்டார்கள். அதுவரை நம்மில் எத்தனை பேருக்கு அவர் பெயர் தெரியும்? கல்லறையில் மாலை போடுவதற்கு நாம் கெட்டிக்காரர்கள். உயிரோடிருக்கும்போது ஒரு நல்ல வார்த்தை சொல்ல நமக்கு நாவு எழும்புவதில்லை.

உங்கள் வீட்டுத் தகப்பனார், படிப்பித்த டீச்சர், வயதான ஊழியக்காரர், கடப்புறத்தில் பந்து பழக்கின அந்தப் பெரியவர்... இவர்களில் யாரை நீங்கள் ஒரே ஒரு தோல்வியை வைத்துத் தள்ளிவைத்திருக்கிறீர்கள்? இந்த வாரத்திலேயே அவர் வீட்டு நடையில் போய் நில்லுங்கள். நான் போனேன். மன்னிப்புக் கேட்க வாயெடுக்குமுன், "இரி மக்கா, சாயா குடி" என்றார்.

நம்மையும் ஒரே நாளை வைத்து நிறுக்காத தேவனுக்கு ஸ்தோத்திரம். ஆமென்.